ரெண்டே மணி நேரம்

டிக்கெட் ஆபீஸ் அம்மாளுக்குப் பொறுமை அதிகம். இல்லாவிட்டால் அந்த வழுக்கைத் தலைக்காரரை முதல் நாளே கும்பிடு போட்டு அனுப்பியிருப்பாள்.

மூன்றாவது நாளாக வந்து எதிரே உட்கார்ந்திருந்தார் மனிதர்.

"அந்த ஊர் எவ்வளவு தூரம்னு சொன்னீங்கம்மா?"

"ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர், சார்."

"அடேயப்பா! பிளேன்ல?"

"ரெண்டே மணி நேரம். கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள போயிடலாம்."

"கரெக்டா ரெண்டு மணி நேரம்தானா? முன்னே பின்னே ஆகாதே?" என்றவர், அவள் கையில் கட்டியிருந்த பச்சை முகப்புக் கடிகாரத்தையே பார்த்தார். நேரத்தைப் பற்றிப் பேசுகிறவர் கடிகாரத்தைப் பார்க்காமல் வேறெதைப் பார்ப்பார்!

"நான் ஒண்டிக்கட்டைம்மா. வீட்டைப் பூட்டிட்டுப் போகணும். கதவை யாராவது தொட்டா செல்லுல மணி அடிக்கிற மாதிரி மெஷின் மாட்டியிருக்கேன். பிளேன்ல இருக்கும்போது அடிக்குமா?"

"மேலே போயிட்டா அடிக்காது, சார். இறங்கினப்புறம்தான்."

பெருமூச்சு விட்டுக்கொண்டே புதன்கிழமைக்கு டிக்கெட் வாங்கி, விலாசமும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தெருமுனை தாண்டியதும் அவள் மாடிக்கு ஓடினாள். மேலேதான் வீடு. அவள் வீட்டுக்காரர் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார்.

"எழுந்திருங்க. பழம் நழுவிப் பால்ல விழுந்திருக்கு! ஆள் ஒண்டிக்கட்டை. புதன்கிழமை ரெண்டு மணி நேரம் ஆகாசத்துல இருப்பார்."

ஊருக்கெல்லாம் டிக்கெட் போட்டுக் கொடுத்தவள் இதுவரை ஒரு விமானத்திலும் ஏறியதில்லை. பயணிகள் மேலே பறந்த நேரத்தில் அவர்கள் வீடுகளில் எடுத்த நகையெல்லாம் கட்டிலுக்கடியில் ஒரு பெட்டியில் இருந்தது. இந்த ஒரு வீடு முடிந்தால் பெட்டியோடு கண்காணாத தேசத்துக்குப் பறந்துவிடலாம்.

புதன்கிழமை, விமானம் கிளம்பியது உறுதியானதும் இருவரும் புறப்பட்டார்கள். அவர் உள்ளே, அவள் வாசலில் காவல்.

வீட்டில் ஒரு பாய், ஒரு ஓட்டை வாளி. பரணில் ஏறினார், சுவரைத் தட்டினார், தரையைத் தட்டினார். குண்டூசிகூட அகப்படவில்லை.

"வீடா இது? நாமதான் பாவம் பார்த்து எதையாவது வெச்சிட்டுப் போகணும் போலிருக்கு!" என்று தலையெல்லாம் ஒட்டடையோடு வெளியே வந்தார்.

வாய்க்கு வந்தபடி அந்த ஒண்டிக்கட்டையைத் திட்டிக்கொண்டே இருவரும் வீடு திரும்பி மாடிப்படி ஏறியபோது, அவள் செல் அடித்தது. வழுக்கைத் தலைக்காரர்!

"சொல்லுங்க சார், நல்லபடியா இறங்கிட்டீங்களா?" குரலில் தேன் வழிந்தது.

"நான் ஏறவே இல்லியேம்மா."

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. கட்டிலுக்கடியில் பெட்டியைக் காணோம்.

"போன மாசம் எங்க அக்கா உங்ககிட்டதான் டிக்கெட் போட்டாங்க. திரும்பி வந்தா பீரோ காலி. நீங்க எனக்கு ரெண்டு மணி நேரம் கொடுத்தீங்க. அரை மணியே தாராளமா இருந்தது. பெட்டி இப்ப போலீஸ் ஸ்டேஷன்ல பத்திரமா இருக்கு."

"சார்... நாங்கதான்னு... எப்படி..."

"அந்தப் பச்சைக் கடிகாரத்தை மட்டும் கழட்டிடாதீங்கம்மா. அக்கா பிறந்தநாளுக்கு நான் வாங்கிக் கொடுத்தது; அதைப் பார்க்கத்தான் இன்ஸ்பெக்டர் கிளம்பி வந்துக்கிட்டிருக்கார்!"