நான்காவது இதழ்

ராஜாம்பாள் பேனா முள்ளைக் கறுப்பு மையில் தோய்த்து, புட்டியின் விளிம்பில் ஒருமுறை வழித்து, கொடியில் இன்னுமொரு சுருளை வரைந்தாள்.

கொடிக்கு அந்தச் சுருள் வேண்டியதில்லை.

ஓராண்டுக்கு முன் தன் திருமண இசைவுத் தாளைத் தொடங்கியபோது கொடி மெலிந்திருந்தது. எட்டு இலை, நான்கு மொட்டு, அவ்வளவே. காத்திருந்த நாள்களெல்லாம் தளிரும் சுருளுமாக ஏறி, இப்போது தாளின் ஓரம் நான்கு பக்கமும் கறுத்து அடர்ந்துவிட்டது.

நடுவில் ஒன்பது முனை விண்மீன்.

வட்டத்தை ஆறாகப் பகுக்கக் கவராயம் எளிதில் இசையும். ஒன்பதாகப் பகுக்க இடங்கொடாது. கடைசி அடி எப்போதும் மயிரிழை தள்ளியே விழும். கன்னியர் மடத்துத் தையற்கூடத்தில் பூவேலைக்கு மாதிரி வரைந்து பழகிய கை அவளுடையது. அந்த மயிரிழையை ஒன்பது முனைகளுக்கும் பங்கிட்டுக் கண்ணுக்குத் தெரியாமல் செய்திருந்தாள்.

விண்மீனைச் சுற்றி நான்கு தாமரை இதழ்கள். இதழுக்கு ஒரு பெயர்.

அந்த விண்மீனைச் சின்னமாகக் கொண்டது அவள் தழுவிய பஹாய் மார்க்கம். அதில் முகூர்த்தம் கேட்பாரில்லை, சாதகம் கேட்பாரில்லை. ஆனால் மணமக்களைப் பெற்றவர்களுள் உயிரோடிருப்போர் அனைவரும் மனமுவந்து இசைந்தாலன்றி மணமில்லை. அது ஒன்று மட்டும் விலக்கில்லாத விதி.

முதல் இதழில் மணமகன் தணிகாசலத்தின் தந்தை கையெழுத்திட்டிருந்தார். இரண்டாவதில் அவன் தாய் கொளஞ்சியம்மாளின் பெருவிரல் ரேகை. மூன்றாவதில் ராஜாம்பாளின் தாய் செல்வாம்பாள், எழுத்துக்கூட்டித் தன் பெயரை எழுதியிருந்தாள்.

நான்காவது இதழ் அப்பாவுடையது.

பலராமன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனுக்குக் கப்பலேறியவர். கார்காலத்துக்குள் மீள்வேன் என்று பருவம் குறித்துப் பிரிவது பழம்பாடல்களின் மரபு. அவர் பருவம் எதையும் குறிக்கவில்லை. அங்கே போர் ஓய்ந்தது. இங்கே புதுச்சேரியில் பிரெஞ்சுக்கொடி இறங்கியது. உடன்போனவர்களில் பாதிப்பேர் ஊர் திரும்பியும் ஆயிற்று. இந்த ஓராண்டில் ராஜாம்பாள் மூன்று கடிதங்கள் எழுதினாள். ஒன்றுக்கும் மறுமொழி இல்லை.

பஹாய் சபையார் வருந்தினார்கள். ஆயினும் அவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் விதியைத் தாண்ட அவர்களுக்கு மனம் ஒப்பவில்லை.

இன்று காலை, வெயில் ஏறுமுன், கொளஞ்சியம்மாள் சாரம் கிராமத்திலிருந்து நடந்தே வந்தாள். உட்காரவில்லை.

"சைகோன் சம்பந்தி சாவகாசமா எழுந்து வந்து கையெழுத்துப் போடறதுக்குள்ள எம்புள்ளைக்குத் தல நரைச்சிடும்மா. எங்க நாத்தனா பொண்ணு ஒண்ணு இருக்குது, அவங்களும் கேட்டுக்கிட்டே இருக்காங்க. இந்த மாசி போவட்டும். அதுக்கு மேல என்னால ஆவாது."

மாசி முடிய நான்கு நாள்கள் இருந்தன.

தணிகாசலம் தாயை மீறமாட்டான். மீறினாலும் பயனில்லை, அவள் விரலை எடுத்துக்கொண்டால் இரண்டாவது இதழும் வெறுமையாகிவிடும்.

செல்வாம்பாள் சம்பந்திக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டுக் கொல்லைக்குப் போனாள். கிணற்றில் நீர் இறைத்து ஊற்றிக்கொள்ளும் ஓசை நெடுநேரம் கேட்டது.

ராஜாம்பாள் மறுபடியும் முள்ளைத் தோய்த்தாள். கொடியில் இனிச் சுருளுக்கு இடமில்லை.

"அந்த எதழுக்குள்ளயும் கொடிய வுட்டுடும்மா."

அம்மா பின்னால் நின்றிருந்தாள். கூந்தலிலிருந்து நீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. நெற்றியில் ஒன்றுமில்லை.

ராஜாம்பாளின் கை தாளைவிட்டு எழுந்தது.

"கூடப் போன கண்ணையன் கப்பல்ல வந்து எறங்குன அன்னிக்கே சொல்லிட்டாரு. இங்க கொடி எறக்குனாங்களே, அதே ஐப்பசியில அங்க காய்ச்சல்ல போயிட்டாராம் உங்கப்பாரு. மூணு வருசம் முடிஞ்சி போச்சு. வெளியில மூச்சு வுடக் கூடாதுன்னு வீராம்பட்டினத்து அம்மன் மேல கண்ணையன்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டேன்."

மூன்று கடிதங்களையும் கையில் வாங்கிக்கொண்டுபோய்த் தபாலில் சேர்த்தவள் அம்மாதான்.

செல்வாம்பாள் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு மால எடுத்துக் குடுக்கறப்ப நான் முன்னால நிக்கணும்னு பாத்தேன். தாலி அறுத்தவ மூலையிலதான குந்தணும்? இப்பிடி ஒரு சட்டம் வந்து நிக்கும்னு அப்ப யாரு கண்டா. அப்புறம் சொல்ல வாயி வரல."

பஹாய் மார்க்கத்தில் கைம்பெண் முன்னே நிற்கத் தடையேதும் இல்லை. மாலையை அவளே எடுத்துக் கொடுக்கலாம். வேண்டுதலை அவளே ஓதலாம். இத்தனை நாளில் ராஜாம்பாள் இதை ஒருமுறையும் வீட்டில் சொன்னதில்லை. சொல்லவேண்டும் என்று தோன்றியதில்லை.

இப்போது சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அம்மா அவளருகே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஈரப் புடவைத் தலைப்பைச் சுருட்டி வாயருகே பிடித்திருந்தாள்.

"சத்தம் தெருவுக்குக் கேட்டுடும்னு இத்தினி நாளா அடக்கி வெச்சிருந்தேன், ராஜாம்பா. இப்ப அழுவட்டுமா?"