இவர் தாண்டியிருப்பாரா?

பள்ளி வேன் ஓட்டும் தணிகாசலம் சிவப்பு விளக்கைத் தாண்டவே இல்லை. கேமரா தாண்டினான் என்றது.

"செய்யாத தப்புக்கு எதுக்குங்க ஃபைன் கட்டணும்? கோர்ட்ல பாத்துக்கலாம். நான் இருக்கேன்ல," என்றாள் மனைவி குமுதவல்லி. அந்தத் தெம்பில் செல்போனிலேயே வழக்குப் பதிந்தான்.

இப்போதெல்லாம் வழக்கை எடுப்பதற்குமுன் நீதிமன்றம் வீட்டிலிருப்பவர்களிடம் ரகசியமாக ஒரே கேள்வி கேட்கும்: 'இவர் தாண்டியிருப்பாரா?'

காலையில் தகவல் வந்தது. 'தாண்டியிருப்பார் என்கிறார் உங்கள் வீட்டிலிருப்பவர். பெயர் வெளியிடப்படாது. வழக்கைத் தொடர்கிறீர்களா?'

பெயர் எதற்கு? இருபத்திரண்டு வருடமாக அந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர்.

"கோர்ட்ல என்னங்க சொல்றாங்க?" தோசை வார்த்துக்கொண்டே கேட்டாள் குமுதவல்லி.

தணிகாசலம் 'குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்' என்பதை அழுத்தினான்.

"நான் தாண்டியிருப்பேனாம்," என்றான்.

கருகல் வாசனை வந்தும் அவள் தோசையைத் திருப்பவில்லை.