சியர்ஸ் சொல்லித் தொலை!

"சியர்ஸ், சியர்ஸ்னு சொல்றோமே, அதுக்கு என்ன அர்த்தம்னு இங்க யாருக்காவது தெரியுமா?"

மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு சம்பத் கேட்டதும், முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த ஜீவானந்தத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மகள் பிளஸ்ஸியின் கல்யாண வரவேற்பு. கேக் வெட்டியாயிற்று. சேலையூர் மண்டபமே கையில் திராட்சை ரசக் கப்போடு காத்திருக்கிறது. பொண்ணு மாப்பிள்ளையை வாழ்த்தி ரெண்டு வார்த்தை பேசிவிட்டு 'சியர்ஸ்' சொல்ல வேண்டியதுதான் சம்பத்தின் வேலை. எல்லோரும் ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழ்த்தளத்துக்குச் சாப்பிடப் போய்விடலாம்.

"நான் அப்பவே சொன்னேன். உன் தம்பி மைக்கைக் கண்டா விடுவானா?" என்று மனைவி ஜாஸ்மினிடம் பல்லைக் கடித்தார்.

"சும்மா இருங்க. வீடியோ எடுக்கறாங்க."

சம்பத் செல்போனை ஒரு பார்வை பார்த்துக்கொண்டான். "பழைய பிரெஞ்சுல இருந்து வந்ததாம். முதல்ல முகம்னு அர்த்தம். அப்புறம் முகத்துல தெரியற மனசு. அப்புறம்தான் சந்தோஷம்!"

யாரோ கைதட்டினார்கள். ஜீவானந்தத்துக்கு அவர்கள் மேலும் எரிச்சல் வந்தது.

அவர் கவலை அவருக்கு. பக்கத்தில் சம்பந்தி தனராஜ் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். நிச்சயதார்த்தத்தன்று சாப்பாடு கொஞ்சம் தாமதமானதற்கே, சொந்தக்காரர்களைத் திரட்டிக்கொண்டு கை நனைக்காமல் எழுந்து போன மனுஷன். இன்றைக்கும் அப்படி ஆனால், பிளஸ்ஸி காலம் பூராவும் அந்த வீட்டில் பேச்சு கேட்டே சாக வேண்டும்.

"கிளாஸை ஏன் இடிக்கறோம்?" சம்பத் விடுவதாக இல்லை. "கண்ணு பார்க்குது, மூக்கு மோப்பம் பிடிக்குது, கை தொடுது, நாக்கு ருசிக்குது. காது மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு? அதுக்காகத்தான் அந்த 'டிங்'னு சொல்வாங்க!"

பேப்பர் கப்பில் எங்கேயிருந்துடா வரும் டிங்? பிரியாணி ஆறி அவலாகிக்கொண்டிருக்கும், இவனுக்குக் காது கவலை!

ஜீவானந்தம் 'போதும், முடி' என்று கையை வீசினார். சம்பத்தோ அவர் தலைக்கு மேலாகப் பின்வாசலைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"பாருங்க, மாமா இன்னும் பேசச் சொல்றாரு!"

அடப்பாவி!

"லண்டன்ல கடையில மீதிச் சில்லறை வாங்கினாக்கூட சியர்ஸ்தான். அங்க அது தேங்க்ஸ் மாதிரி. இன்னொண்ணு சொல்றாங்க, அந்தக் காலத்து ராஜாக்கள் விஷம் கிஷம் வெச்சிருப்பாங்களோன்னு பயந்து..."

"உங்க மச்சான் புரொபசரா?" என்று தனராஜ் கேட்டார்.

"செம்பாக்கத்துல பிளாட் புரோக்கர்," என்று சொல்வதற்குள் ஜீவானந்தத்துக்கு மானம் போயிற்று.

சம்பத்தின் கையிலிருந்த போன் அதிர்ந்தது. குனிந்து பார்த்தான். விஷத்துக்குப் பயந்த ராஜாவை அப்படியே பாதியில் விட்டுவிட்டு, "பிளஸ்ஸிக்கும் ஜோஷ்வாவுக்கும்... சியர்ஸ்!" என்று கத்தினான். மண்டபம் 'அப்பாடா' என்று குடித்தது.

கீழே பந்தியில் தனராஜ் முதல் வாயிலேயே கையை உதறினார். "பரவாயில்லையே சம்பந்தி! உங்க மச்சான் அவ்வளவு நேரம் அறுத்தும் பிரியாணி சுடச்சுட இருக்கே!"

ஜீவானந்தம் அவருக்குச் சிரித்து வைத்துவிட்டு, சம்பத்தை மாடிப்படிக்குப் பின்னால் தரதரவென்று இழுத்துப் போனார்.

"அறிவிருக்காடா உனக்கு? அந்த ஆளு எழுந்து போயிருந்தா என் பொண்ணு கதி என்ன?"

"கத்தாதீங்க மாமா," என்றான் சம்பத். தொண்டை கட்டியிருந்தது. "பிரியாணி வண்டி கோவிலம்பாக்கத்துல படுத்துடுச்சு. மேடை ஏறும்போதுதான் போன் வந்துச்சு. உங்களுக்கு பிரஷர், சொன்னா நீங்களும் படுத்துடுவீங்க. மெசேஜ்லயே வேற வண்டிக்கு ஏற்பாடு பண்ணி, அண்டா இங்க இறங்கிடுச்சுன்னு பதில் வந்தப்புறம்தான் சியர்ஸ் சொன்னேன். இன்னும் கொஞ்சம் லேட்டாகியிருந்தா, ஆமென்னுக்கும் அர்த்தம் சொல்லியிருப்பேன்!"