இடம் போதவில்லை

"இந்தக் காலத்துல வேலைக்கு வர்ற மனுஷன்தான் ஆயிரம் நிபந்தனை போடுறான்னா, சாமானும் போடுது. மண்வெட்டி என்னைக்காவது எனக்கு இது வேணும், அது வேணும்னு கேட்டிருக்கா?"

பெரியவர் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. ஆனாலும் கேட்க வேண்டிய இருவருக்கும் கேட்டது. ஒருத்தி மருமகள். இன்னொருவர், கம்ப்யூட்டர் முன்னால் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டபடி உட்கார்ந்திருந்த ரிப்பேர்காரர்.

மருமகளுக்கு நாளைக் காலையில் வேலைக்கான தேர்வு, வீட்டிலிருந்தே எழுதலாம். குழந்தை பிறந்து வீட்டோடு இருந்தவளுக்கு வெகுநாள் கழித்து வந்த முதல் அழைப்பு. அதற்கு ஒரு டேட்டாபேஸ் மென்பொருளை ஏற்றியாக வேண்டும். அது ஏறுவதற்கு முன்பே கேட்க ஆரம்பித்தது. மெமரி எட்டு ஜிபிக்குக் குறையக் கூடாது. ஜாவா வேண்டும், அதிலும் பதினேழாம் பதிப்புதான் வேண்டும்.

"பழசும் ஆகாது, ரொம்பப் புதுசும் ஆகாதாம். பொண்ணு பார்க்க வர்றவன்கூட இவ்வளவு கேட்க மாட்டான்" என்றார் பெரியவர்.

காலமெல்லாம் லாரி ஓட்டியவர். வழியெல்லாம் வண்டியை நிறுத்தி, சரக்கு கட்டிய கயிற்றை இழுத்துப் பார்த்தே பழகியவர். இப்போது லாரி இல்லை, கேட் பூட்டு இருந்தது. எழுந்து போய் அதை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார். போன மாதம் வாசலில் விட்ட செருப்பு காணாமல் போனதிலிருந்து பகலிலும் கேட்டுக்குப் பூட்டு, கதவுக்கு மேலே கேமரா. தெருவில் போகிறவன் வருகிறவன் எல்லாம் திருடன்.

மெமரி சரியாக இருந்தது. ஜாவாவும் ஒருவழியாக ஏறியது. கடைசியில் வண்டி ஓரிடத்தில் முரண்டு பிடித்து நின்றது.

"டிஸ்க்ல இடம் போதலைங்குதும்மா" என்றார் ரிப்பேர்காரர்.

மருமகளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நேத்துதான் மாமா, குழந்தை போட்டோ எல்லாத்தையும் பென் டிரைவ்ல மாத்திட்டு இடம் பண்ணினேன். இன்னிக்குப் பார்த்தா மறுபடி நிறைஞ்சு கிடக்கு."

பெரியவர் கண்ணைச் சுருக்கினார். ஏற்றிய சரக்கு வழியில் குறையும், அது அவர் பார்த்தது. ஏற்றாத சரக்கு எப்படிக் கூடும்?

"எவனோ வெளியாள் கொண்டாந்து கொட்டுறான்மா" என்று ரிப்பேர்காரரை மேலும் கீழும் பார்த்தார். கடைசியாக இந்தப் பெட்டியைத் தொட்ட வெளியாள் யார் என்று விசாரித்தார். "நான்தான். கேமரா மாட்ட ஐயாதானே கூப்பிட்டீங்க" என்றார் ரிப்பேர்காரர்.

"அதானே பார்த்தேன்" என்று பெரியவர் மறுபடி பூட்டை இழுத்துப் பார்க்கப் போனார்.

திரும்பி வந்தபோது ரிப்பேர்காரர் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"கொட்டுறவன் அகப்பட்டுட்டான் ஐயா. ஆள் அசைஞ்சா கேமரா ஒரு வீடியோ படம் எடுத்து இதுக்குள்ளதான் போடும். மொத்த இடத்தையும் அடைச்சுக்கிட்டிருக்கிறது அந்தப் படங்கதான். எல்லாத்துலயும் ஒரே ஆள்."

திரையில் கேட் தெரிந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவன். வலப்பக்கம் பார்த்தான், இடப்பக்கம் பார்த்தான், பூட்டைப் பிடித்து உலுக்கினான். அடுத்த படம், அதே ஆள். அதற்கடுத்ததிலும் அவனேதான்.

பெரியவர் திரையில் விரலால் குத்தினார். "பார்த்தியாம்மா? நான் சொன்னப்ப எல்லாரும் சிரிச்சீங்க. கேட்டுக்குள்ளயே வந்து நிக்கிறான் களவாணிப்பய. அடப்பாவி, கொடியில காயப்போட்ட என் கட்டம் போட்ட சட்டையையும் எடுத்து மாட்டிக்கிட்டானே!"

மற்ற இருவரும் திரையைப் பார்க்கவில்லை. அவர் போட்டிருந்த கட்டம் போட்ட சட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெரியவரும் குனிந்து ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"ஒரே துணியில ஊருக்கே சட்டை தைக்கிறானுங்க இந்தக் காலத்துல" என்று முணுமுணுத்தபடி வெளியே நடந்தார்.

ரிப்பேர்காரர் படங்களை ஒட்டுமொத்தமாக அழித்து முடித்தார். காலியான இடத்தில் அப்போதே புதிதாக ஒரு படம் வந்து உட்கார்ந்தது: கட்டம் போட்ட முதுகு, கையில் பூட்டு.