கேஸ் இன்னும் போகலை

"பத்து நாளாச்சு பெருமாளண்ணே! பைக் டேங்குல உள்ளங்கை அகலத்துக்கு ப்ரைமர் அடிக்க இன்னும் எத்தனை நாளு?"

பெரம்பலூர் பெயிண்ட் பட்டறையில் காமில் போட்ட சத்தத்துக்கு எதிர் டீக்கடையே திரும்பிப் பார்த்தது.

இளையபெருமாள் அசரவில்லை. மேஜையிலிருந்த பாட்டிலைத் தூக்கிக் காட்டினார்.

"நீங்க கொடுத்தது ஸ்ப்ரே டப்பா, தம்பி. நேரா அடிச்சா திட்டுத் திட்டா விழும். இப்படி பாட்டில்ல பீச்சி இறக்கி, உள்ள இருக்குற கேஸ் போனப்பறம்தான் சின்ன ஸ்ப்ரே கன்னுல ஊத்தி அடிக்கணும். அவசரப்பட்டா பொங்கித் துப்பிடும்."

"கேஸ் போச்சா, இல்லியா?"

"இன்னும் போவலை."

காமில் பல்லைக் கடித்தான். கடையில் ப்ரைமர் வாங்கியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். சவூதியிலிருந்து அண்ணன் லத்தீப் எப்போதோ கொடுத்தனுப்பிய டப்பா இருக்கிறதே என்று ஓசியில் முடிக்கப் பார்த்தது அவன்தான்.

வண்டியும் அண்ணனுடையதே. 'வராத ஆளுக்கு எதுக்கு வண்டி' என்று கீழப்பழுவூர்க்காரர் ஒருவருக்குப் பேசி முடித்துவிட்டான். டேங்கில் துரு மறைந்தால் வண்டி கைமாறிவிடும்.

துணி எடுக்கக் கூட வந்திருந்த அண்ணி மர்ஜியா அவனுக்கும் ஒரு படி மேலே போனாள்.

"தொழில் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்ல வேண்டியதுதானேண்ணே? பொய் சொல்லியே பொழப்பு நடத்துவீங்களா?"

டீக்கடையில் யாரோ சிரித்தார்கள். இளையபெருமாள் தலை குனிந்துகொண்டார்.

"வர்ற வெள்ளிக்கெழமை வரைக்கும்தான் டயம். அப்பறம் வேற பட்டறைக்குத் தூக்கிட்டுப் போயிடுவேன்" என்று சொல்லிவிட்டு காமில் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தான். மர்ஜியாவும் பின்னாலேயே போனாள்.

பாதி வழியில், "அய்யோ, துணிப்பையை வெச்சிட்டு வந்துட்டேன் தம்பி" என்று அவள் மட்டும் திரும்பி வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"மன்னிச்சுக்கங்கண்ணே. வாய் கொஞ்சம் கூடப் போயிடுச்சு."

"அதை விடும்மா. மாப்பிள்ளைகிட்டேர்ந்து போன் வந்துச்சா?"

"நேத்து அம்மா வூட்டுக்குப் பண்ணாங்க. வியாழக்கெழமை வர்றாங்களாம். ரெண்டு தடவை வர்றேன்னு சொல்லி லீவு கிடைக்காமப் போச்சுல்ல, அதனால வந்து எறங்குற வரைக்கும் யாருகிட்டயும் சொல்லாதேன்னுட்டாங்க."

அவளுக்குக் குரல் இறங்கியது.

"நிக்காஹ் முடிஞ்சு நாப்பது நாள்தாண்ணே கூட இருந்தாங்க. நாப்பது நாளும் இந்த வண்டியிலதான் சுத்துனோம். நாலு வருசமா அதைத்தான் நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன். போன்ல கூட, வண்டி நல்லாருக்கான்னுதான் மொதல்ல கேட்டாங்க."

"வியாழனுக்கு அப்பறம்தானே வெள்ளி? தைரியமாப் போ. நாளைக்கு வந்தாலும் இன்னும் நாலு வார்த்தை சேத்தே வையி. அப்பத்தான் அந்தத் தம்பி நம்பும்."

அவள் பையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

வண்டி பட்டறைக்கு வந்த முதல் நாள் சாயங்காலமே கேஸ் போய் அடங்கிவிட்ட ப்ரைமரை, இளையபெருமாள் இறுக மூடி மேல் பலகையில் வைத்தார்.