லாரி மேல் ஒரு படகு

சிங்காநல்லூர் ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடை வாசலில், ஹெட்லைட் ரிப்பேருக்கு வந்த லாரியின் மேல் ஒரு ஃபைபர் படகு வெயிலில் வெள்ளையாகத் தகிக்கிறது. கொச்சியில் வாங்கி நாகப்பட்டினத்துக்குக் கொண்டுபோகிறவர் செல்லமுத்து. நின்றதுதான் நின்றாயிற்று, படகுக்கும் ஒரு பேட்டரி வைத்து, அதன் கம்பத்தில் விளக்கை மாட்டிவிடச் சொல்லியிருக்கிறார். கடையில் வேலை செய்யும் அன்புமணி படகில் ஏறி மாட்டிவிட்டான். எரியத்தான் மாட்டேன் என்கிறது. பல்பை மாற்றுகிறான், ஃபியூஸை மாற்றுகிறான், பேட்டரி முனைகளை உப்புத்தாளால் தேய்க்கிறான். கீழே லாரி டிரைவர் விடாமல் ஆரன் அடிக்கிறார். எரிச்சலில் படகை ஓங்கித் தட்டுகிறான்; டொக்கென்கிறது. இரும்பில்லை! லாரிக்கு ஒற்றை ஒயர் இழுத்தால் போதும், இரும்பு உடம்பே கரண்டைத் திருப்பிக் கொண்டுவந்துவிடும். பழகிய கை, கறுப்பு ஒயரைப் படகின் உடம்பிலேயே முடுக்கி வைத்திருக்கிறது. நாக்கைக் கடித்துக்கொண்டு அதைப் பிடுங்கி, பேட்டரி வரைக்கும் இழுத்துக் கட்டுகிறான். கம்பத்து உச்சியில் விளக்கு எரிகிறது. "இந்த மாதிரி ஒண்ணு அணைஞ்சுபோய்த்தான் தம்பி, ராத்திரியில என் மச்சான் படகு மேல கப்பல் ஏறிடுச்சு," என்கிறார் செல்லமுத்து. "அலை தூக்கிப் போட்டாலும் இது அணையாம நிக்குமா?" அன்புமணி கடலைப் பார்த்தவனில்லை. எழுந்து இரண்டு காலாலும் தொம்மென்று குதிக்கிறான். விளக்கு சிமிட்டவில்லை. "நேரமாச்சுங்க, எறங்குங்க!" டிரைவர் கத்துகிறார். "இருங்க, வாரேன்," என்றுவிட்டு, விளக்கின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல், முன்னைவிட உயரமாக எம்பிக் குதிக்கிறான்.