நனைந்த முட்டைகள்

பறவைக் காய்ச்சலில் செத்த ஆலா என்னும் கடற்பறவைகளை முகத்துவாரத்து மணல்திட்டிலேயே குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதைத்தார்கள். குழி வெட்டியவர்களில் மக்டலினும் அவள் புருஷன் அல்பேட்டும் இருந்தார்கள். ஆலாக்கள் மீனுக்காகத் தண்ணீரில் விழுந்து எழும்பும் இடம் பார்த்து வலை போட்டுத்தான் அந்தக் குடும்பம் இத்தனை காலமும் சாப்பிட்டது.

திட்டில் இரண்டு முட்டைகள் மட்டும் மிஞ்சின. எதையும் தொடக்கூடாது என்பது அதிகாரிகளின் உத்தரவு. உச்சிவெயிலில் ஆலா தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டைகளைக் குளிர்விக்கும். இப்போது அதற்கு ஒரு பறவையும் இல்லை. அனலாய் வீசும் கச்சான் காற்றில் மணல் கொதித்தது.

மறுநாள் மத்தியானம் இருவரும் தோணியைத் திட்டில் ஒதுக்கிப் பார்த்தபோது முட்டைகள் நனைந்திருந்தன. சுற்றிலும் மணல் காய்ந்து கிடந்தது. காலடி ஒன்றும் இல்லை.

"நீங்களா தண்ணி தெளிச்சது?" என்று கேட்டாள் மக்டலின்.

"இல்ல கா. நீயாக்கும் எண்டு நினைச்சன்," என்றான் அல்பேட்.

பிறகு எந்த மத்தியானம் பார்த்தாலும் முட்டைகள் ஈரமாகவே இருந்தன. ஒருநாள் இரண்டும் பொரிந்து குஞ்சுகள் வெளியே வந்திருந்தன.

அன்று உத்தரவை மறந்து, குஞ்சுகளுக்கென்று ஒரு பிடி கூனி இறால் கொண்டுபோனாள் மக்டலின். கிட்டப் போகுமுன்னரே குஞ்சுகள் இரண்டும் வெறும் வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்தன. அடுத்த கணம் இரண்டும் எதையோ விழுங்க, தொண்டை ஏறி இறங்கியது.

மக்டலின் சிலுவை போட்டுக்கொண்டாள். திரும்பி நடந்து, கையிலிருந்த இறாலைச் சுண்ணாம்புக் குழியின் மேல் தூவினாள்.

"களைச்சுப் போயிருப்பீங்க," என்றாள். "நீங்களும் சாப்பிடுங்க."